என்னை நோக்கி நீண்ட விரல்

எண்பதுகளின் நடுவில், நாற்பது வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேக்கு வந்து சேர்ந்திருந்தேன். அமெரிக்காவில் சம்பளத்துக்கு விளையாடிய ஒருவர் அங்கே டேனிஷ் பையன்களுக்கு அமெரிக்க உதைபந்தாட்டம் பழக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் எதிரணியில், தடுப்பாளர்களின் நடுவில் நிற்கும் லைன்பேக்கருக்கு ஆள் இல்லை. என்னுடன் வேடிக்கை பார்த்த சின்னராசா அண்ணை, "சும்மாதானே நிக்கிறாய், போய் நில்லடாப்பா" என்று தள்ளிவிட்டார்.

மூடுபனி இறங்கியிருந்தது. முகத்தை மறைக்கும் கம்பித் தலைக்கவசங்களோடு மலைபோன்ற பையன்கள் எனக்கு முன்னால் குனிந்து நின்றார்கள். ஒரு சத்தமில்லை. அவர்களுக்குப் பின்னால் தானும் கவசத்தோடு நின்ற அமெரிக்கர் மெதுவாகக் கையை உயர்த்தி, என்னைச் சுட்டிக்காட்டிக் கத்தினார்.

ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு என்றால் எங்களை வரிசையில் நிறுத்துவார்கள். முகமூடி போட்ட ஆள்காட்டி ஒருவன் விரல் நீட்டினால் அந்த ஆள் வீடு திரும்பமாட்டான். எனக்குப் பக்கத்தில் நின்ற என் தம்பி திரும்பவில்லை.

மாவீரனாகிய நான் கைகளைத் தலையில் வைத்துச் சேற்றில் முழந்தாளிட்டு, "ஐயா, நான் ஒண்டும் செய்யேல்லை" என்று அமெரிக்கரிடம் சுத்தத் தமிழில் அழுதேன்.

அவர் கவசத்தைக் கழற்றியெறிந்து ஓடிவந்து என்னைத் தூக்கினார். அவர் பதறிச் சொன்னதை அண்ணை மொழிபெயர்த்தார்: "அவர் குவாட்டர்பேக், பந்தை எறியிறவர். தன்னை விழுத்தக்கூடிய ஆளை முதலே தன்ர ஆக்களுக்குக் காட்டவேணுமாம். அவருக்கு உன்னைக் கண்டுதான் பயமாம்!"

"என்னைக் கண்டோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் பலமாகச் சிரித்தேன்.

வீடு திரும்பும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. முகமூடிக்காரனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் தம்பியை நோக்கி நீண்ட அவன் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் எனக்கு ஞாபகம் வந்தது.