பென்சிலால் போட்ட கேள்விக்குறி

ரங்கூனில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாக இருந்தவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. பர்மியர்கள் அவரை ஸயாமா, அதாவது டீச்சர், என்று கூப்பிட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் அம்மா, எனக்கும் அப்படித்தான். தெரிந்ததையும் தெரியாததையும் அவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்த வேறொருவரை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவரைத் தன் கண்களையே சந்தேகப்பட வைத்தவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அந்தப் பள்ளி அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கல்லூரியில் படித்துவிட்டு வந்தவன், கொஞ்சம் கர்வமும் உண்டு. மாலையில் பிள்ளைகள் போனபிறகு அம்மா மாடி வராந்தாவில் வேறொரு கட்டுத் தாள்களைப் பிரிப்பார். அவருடைய முன்னோர்களைப் பற்றிய தாள்கள் அவை. அமெரிக்காவில் அவருடைய தாயார் எண்பதைத் தாண்டிப் படுக்கையில் இருந்தார். அந்தத் தாயாருக்கு ஒரே ஓர் ஆசை. அந்தத் தாயாரின் பாட்டி புதைக்கப்பட்ட இடத்தில் இருந்த கல்லில் தாத்தாவின் பெயரும், அதன் கீழே ‘இவர் மனைவி’ என்ற சொற்களும் மட்டுமே இருந்தன. பாட்டியின் மடியில் உட்கார்ந்தது தாயாருக்கு நினைவிருந்தது. பெயர் தெரியவில்லை. பாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். தான் கண்மூடுவதற்குள் அந்தப் பெயர் கல்லில் ஏற வேண்டும் என்று மகளிடம் கேட்டிருந்தார்.

ஒரு பெயரைக் கண்டுபிடிப்பது இவ்வளவு கஷ்டமா என்று முதலில் நினைத்தேன். அம்மா எனக்கு விளக்கினார். சென்னைப் பக்கத்தில் ஒரு முன்ஷியிடம் தமிழ் படித்தவர். அச்சில் இருப்பது போலவே பேசுவார்.

“எங்கள் நாட்டுப் பழைய குடிக்கணக்கில் வீட்டுத் தலைவருக்கு மட்டும்தான் பெயர், தம்பி. மனைவியும் பிள்ளைகளும் வெறும் எண்கள். இன்ன வயதில் பெண் ஒன்று. அவ்வளவுதான்.”

“அந்த ஒண்ணுதான் உங்க அம்மாவோட பாட்டியா?”

“அந்த ஒன்றுதான்.”

அந்தப் பாட்டியின் கணவர் எழுதிய உயிலிலும் ‘என் மனைவிக்கு’ வீட்டின் மேற்குப் பாதியும் ஒரு பசுவும் என்றுதான் இருந்தது, பெயர் இல்லை. அவர்கள் வாழ்ந்த ஊரின் கல்யாணப் பதிவில் சில வருஷங்களின் ஏடுகளே கிடைக்கவில்லை. ஆகவே அம்மா பின்பக்கமாகத் தேடினார். சுற்றுவட்டாரத்தில் யாராவது ஒரு தகப்பன் தன் உயிலில் இந்த மனிதனை மருமகன் என்று எழுதியிருக்க மாட்டானா? இதற்காக ஊர் ஊராகக் கடிதம் போட்டார். பதில் கப்பலில் வர மாதக்கணக்கில் ஆகும். வரும் பதில்களில் பெரும்பாலானவை ‘இல்லை’ என்றே சொல்லும். அவர் அந்த ‘இல்லை’யையும் தேதி போட்டு எழுதிக்கொண்டு அடுத்த ஊருக்கு எழுதுவார். கையெழுத்துப் பிரதியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இரண்டு ஆதாரம் கிடைத்த பெயர் மையில். மற்றதெல்லாம் பென்சிலில், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

அங்கே சமையலுக்கு இருந்த தஞ்சாவூர்க்கார அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. தேநீர் கொண்டுவரும்போது என்னிடம் சொல்வாள்: “செத்துப் போனவங்களுக்கெல்லாம் சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்குதே அந்தம்மா, உசுரோட குந்திக்கிட்டு இருக்கிற உனக்கு ஒண்ணு பாக்கச் சொல்லேன் தம்பி.”

அம்மா நிமிராமலே சொல்வார்: “அவர் உயில் எழுதட்டும், பார்க்கலாம்.”

ஒரு மழைக்காலத்தில் அவர் தேடியது கிடைத்தது. பக்கத்து ஊர்த் தகப்பன் ஒருவனின் உயில். அவனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளின் கணவன் என்று அதில் இருந்தது நாங்கள் தேடிய மனிதனின் பெயர். இளையவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா அதை எழுந்து நின்று படித்தார். ஆனால் மறுவாரமே வேறொரு தாள் வந்தது. அந்த மூத்த பெண் இறந்துபோனதை அவள் போன தேவாலயத்தின் சபைப் புத்தகம் குறித்திருந்தது. அம்மாவின் தாயாருக்குத் தகப்பனான பிள்ளை பிறந்தது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. அப்படியென்றால் மடியில் உட்காரவைத்த பாட்டி இரண்டாம் மனைவி.

“அப்ப இளையவதான்,” என்றேன்.

“எப்படிச் சொல்கிறீர்கள்?”

எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. அக்கா போய்விட்டால் தங்கையைக் கொடுப்பார்கள். தாயில்லாப் பிள்ளைகளைச் சித்தியைவிட யார் பார்ப்பார்கள்? என் தாயார் அப்படித்தான் வந்தவர். என் அண்ணனைப் பெற்ற பெரியம்மா இறந்தபின் அதே வீட்டுக்கு, அதே மனிதருக்கு. ரங்கூனிலேயே பஸுண்டான் பேட்டையில் எங்கள் தெருவில் அப்படி வந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அதையெல்லாம் சொன்னேன்.

அம்மா கவனமாகக் கேட்டார். “உங்கள் அம்மா பெரிய மனுஷி. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் அப்படிப்பட்ட கல்யாணத்துக்குப் பல காலம் தடை இருந்தது. பிறகு எடுத்துவிட்டார்கள். ஆகவே, இருக்கலாம். இருக்கலாம் என்றால் பென்சில்.”

இளையவளின் பெயரைப் பென்சிலில் எழுதிக் கேள்விக்குறி போட்டார். இளையவளின் கல்யாணத்தைத் தேடச் சொல்லி அந்த ஊர்ப் பதிவாளருக்குக் கடிதம் போனது. அந்த வாரமே அம்மாவுக்கு மூட்டெல்லாம் முறிக்கும் காய்ச்சல் வந்து கண் திறக்க முடியாமல் படுத்தார். தாயாருக்கு அனுப்பவேண்டிய வம்சத் தாளை டைப் அடித்துக் கப்பலுக்குச் சேர்க்கும்படி என்னிடம் சொன்னார்.

அடித்தேன். இளையவளின் பெயர் வந்த இடத்தில் என் விரல் நின்றது. அந்தக் கேள்விக்குறி என் தாயாருக்குப் பக்கத்தில் போட்டது போல இருந்தது. அவரும் ஒரு வீட்டில் ‘இருக்கலாம்’ என்று இருந்தவரா? அந்தக் குறியை விட்டுவிட்டு அடித்தேன். அம்மா தலையணையில் சாய்ந்தபடி, படித்துப் பார்க்காமல், கையெழுத்துப் போட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. பென்சில் தாளைச் சமையலறை அடுப்புக்குக் கொடுத்தேன். நகல் எடுத்தபின் அப்படிச் செய்வது வழக்கம்தான்.

சில மாதம் கழித்து அம்மாவின் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. தாயாரின் நிலைமை மோசமானதால் உடனே கல்தச்சனைப் பிடித்துப் பெயரை வெட்டிவிட்டதாகவும், தாயாரை மோட்டாரில் கொண்டுபோய்க் காட்டியதாகவும், அவர் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார். அம்மா கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“வெட்டிவிட்டார்களா? நான் கேள்விக்குறி போட்டிருந்தேனே.”

அடுத்த தபாலில் பதிவாளரின் பதிலும் வந்துவிட்டது. இளையவள் வேறொருவனை மணந்து, வேறு ஊருக்குப் போய், அங்கேயே பிள்ளைகள் பெற்று இறந்தவள்.

அம்மா தன்னிடம் இருந்த கார்பன் பிரதியை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இந்தப் பெயருக்குப் பக்கத்தில் நான் ஒன்றும் போடவில்லையா?”

“இல்லம்மா. நீங்க எழுதினது எப்படியோ அப்படியேதான் அடிச்சேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “சரி,” என்றார். “நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அதுவும் என் பிழைதான்.”

அந்த ‘அதுவும்’ என் காதில் இன்னும் இருக்கிறது.

தாயாருக்கு உண்மையை எழுத வேண்டுமா என்ற பேச்சு வந்தது. சமையல் அக்கா எழுதவே கூடாது என்றாள். “சாகப்போற கிழவி, சந்தோஷமா சாகட்டுமே. உங்களுக்கு என்ன போச்சு?”

“அது என் அம்மாவின் சந்தோஷம்தான்,” என்றார் அம்மா. “ஆனால் அந்தக் கல் அந்தப் பாட்டியுடையது.”

அன்று மாலையே எழுதினார். பிழை தன்னுடையது என்று எழுதினார். நான்தான் அதையும் டைப் அடித்தேன். தாயார் யாரையோ எழுதவைத்து ஒரு வரி அனுப்பினார்: சரி, உண்மையானவளைத் தேடு.

அம்மா தேடினார். காய்ச்சலுக்குப் பின் உடம்பு தேறாமலேயே தேடினார். உண்மையான இரண்டாம் மனைவி ஒரு விதவை. வேறொரு ஊர்ச் சபையின் ஏட்டில், முதல் கணவனின் குடும்பப் பெயரோடு, நாங்கள் தேடிய மனிதனுக்கு மணமாகியிருந்தாள். அது போதாது என்று அம்மா அந்த முதல் கணவனின் சொத்துப் பிரிவினைத் தாளையும் வரவழைத்தார். அதில் அந்த விதவை, தன் பிறந்த வீட்டுப் பெயரோடு, தன் புதுக் கணவனையும் சொல்லிக் கையெழுத்திட்டிருந்தாள். இரண்டு ஆதாரம். அம்மா பேனாவை மையில் தொட்டு எழுதினார். அதற்குள் அவருடைய தாயார் இறந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. அவர் தம்பி கல்லில் பழைய பெயரைப் பூசி அடைத்து, சரியானதை வெட்டினார்.

கேள்விக்குறியோடு அனுப்பியிருந்தாலும் சரியான பெயர் தாயாரின் காலத்துக்குள் கிடைத்திருக்காது. இதைச் சொல்லித்தான் பல வருஷம் என்னை நான் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அம்மாவுக்கு நடந்தது வேறு. அன்று கார்பன் பிரதியைப் பார்த்த நாளிலிருந்து அவர் தன்னை நம்பவில்லை. பரீட்சை மதிப்பெண், சம்பளப் பட்டியல், கல்வி இலாகாவுக்கான அறிக்கை, எதை எழுதினாலும் படியேறி என் மேசைக்குக் கொண்டுவருவார்.

“என் கண்ணை நம்ப முடியாது, தம்பி. நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.”

ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட நினைப்பேன். ஒவ்வொரு தடவையும் தாளை வாங்கிக்கொண்டு, “பாத்துத் தர்றேன்மா,” என்பேன். அவர் ஊருக்குக் கப்பல் ஏறும்வரை அது தொடர்ந்தது. அவர் எழுதிய எல்லாவற்றையும் வரி வரியாகப் பார்த்தேன். ஒரு பிழைகூட இருந்ததில்லை.