சிரித்த முகமும் ரத்தக் கொதிப்பும்

குடவாசல் பக்கம் வருவாய் ஆய்வாளராக இருந்த வருடங்களில், நிதானமானவன் என்று எனக்குப் பெயர். யார் கத்தினாலும் சிரித்துக்கொண்டே கேட்பேன். அதனாலேயே குத்தகைத் தகராறு எங்கே முற்றினாலும் என்னைத்தான் அனுப்புவார்கள்.

அந்தத் தை மாதம் ஒரு வயலில் அறுவடை நின்றுபோயிருந்தது. நிலத்துக்காரர் ஆட்களோடு ஒரு வரப்பில் நின்றார். எதிர் வரப்பில் குத்தகைக்காரர் குடும்பம், கையில் அரிவாளோடு.

"கதிர்ல கை வச்சா வெட்டு விழும்" என்றார் நிலத்துக்காரர்.

"விழட்டுங்க. நட்டவன் நான்" என்றார் குத்தகைக்காரர்.

நடுவில் நின்ற நான் சிரித்தபடி பேச வாயெடுத்தேன். மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் கொட்டியது.

நிலத்துக்காரரின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் மூக்கைத் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தவர் குத்தகைக்காரர்.

டாக்டர் பிரஷரை இரண்டு முறை பார்த்தார். "இன்னும் ஏறியிருந்தா மூளையில நரம்பு வெடிச்சிருக்கும். கோபம் அதிகமா வருமா?"

"வராதுங்க" என்றேன்.

பதறி ஓடிவந்திருந்த என் மனைவி, "வரும் டாக்டர். எல்லாத்தையும் முழுங்கிடுவாரு. தூக்கத்துல பல்லைக் கடிப்பாரு" என்றாள்.

அது எனக்கே தெரியாது. யாரும் என்னை வெறுத்துவிடக் கூடாதே என்ற பயத்தைத்தான் இத்தனை வருடம் பொறுமை என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மாத்திரையோடு அதே வயலுக்குப் போனேன். நிலத்துக்காரர் மறுபடி குரலை உயர்த்தினார்.

"போதும், நிறுத்துங்க! குத்தகைப் பதிவேட்டுல அவர் பேர் இருக்கு. அறுப்பு நடக்கும்" என்று கத்தினேன்.

நிலத்துக்காரர் என்னை வெறுப்போடு பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். அந்தப் பார்வையைத் தாங்குவது கஷ்டமாகத்தான் இருந்தது. கடைசி நெற்கட்டு கரையேறும்வரை அங்கேயே நின்றேன்.