மடிப்புக்கு வெளியே இரண்டு புள்ளிகள்

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சருக்கு ஆசிரியர் அறையில் ‘மடிப்பக்கா’ என்று பெயர். அடுக்குக்குறிச் சார்பின் வளைகோட்டை வரைவார். பிறகு வரைபடத்தாளை மூலைக்கு மூலை மடித்து, ஜன்னல் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்தில் அந்தக் கோட்டை மறுபக்கம் நகலெடுப்பார். மடக்கைச் சார்பு தயார்! அடிமானம் ஒன்றுக்குக் கீழே இருந்தால் இரண்டும் மடிப்பின் மேல் ஒரே இடத்தில்தான் வெட்டும் என்று வருஷக்கணக்காக அடித்துச் சொல்லிவந்தார். நானும் தலையாட்டினேன், வேறென்ன செய்ய?

இந்த வருஷம் கணக்குச் சிறப்பு வகுப்பில் இருந்தது ஒரே இடம். தேர்வில் முதலில் வந்தவள் அக்காவின் மகள். ஒரு கேள்வி வித்தியாசத்தில் அடுத்து நின்றவள் பேக்கரிக்காரர் மகள். விடைக்குறிப்பு அக்காவுடையது, திருத்தியது நான். பெயரைப் பலகையில் ஒட்டப் பசையோடு கிளம்பினால், திருத்திய தாளைப் பிடித்துக்கொண்டு பேக்கரிக்காரர் மகள் வந்து நின்றாள்.

“சார், அடிமானம் பதினாறில் ஒண்ணு. மூணு இடத்துல வெட்டும்னு எழுதினேன். தப்புன்னு போட்டிருக்கீங்க.”

“மூணா? என்னம்மா கதை விடுற?” என்று எரிந்து விழுந்தேன்.

பக்கத்தில் இருந்த அக்கா சிரித்துக்கொண்டே வரைந்து, மடித்து, ஜன்னலில் வைத்தார். மடிப்பருகே இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டு ஒரே தடித்த கோடாகத் தெரிந்தன.

“வரைய வேணாம் டீச்சர். அரையைப் போட்டுப் பாருங்க.”

அடுக்குக்குறியில் போட்டார், கால் வந்தது. மடக்கையில் போட்டார். அதிலும் கால்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடிப்பின் மேல் என்றால் போட்டதும் வந்ததும் ஒன்றாக இருக்கணும். அரையும் காலும் சமமில்லையே, அந்தப் புள்ளி எப்படி மடிப்பின் மேல் இருக்கும்?

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. “ஐயையோ! மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒண்ணுன்னா அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கணும். மடிப்பு மேல ஒண்ணு. மூணுதான்ப்பா!”

“அக்கா... உங்க பொண்ணு ஒண்ணுன்னுதானே எழுதியிருக்கா?”

“அப்ப அது தப்பு. மாத்து.”

இரண்டு தாளிலும் மதிப்பெண்ணை மாற்றினேன், வரிசை புரண்டது. பேக்கரிக்காரர் மகளின் பெயரை அக்காவே பலகையில் ஒட்டினார். திரும்பினால், பின்னால் அவருடைய மகள். பலகையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஒண்ணுன்னு நீங்கதானேம்மா சொல்லிக்கொடுத்தீங்க?”