காற்று அசையாத அறையில் ஒரு புயல்

ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் புயல். மேசையைத் துடைத்தாலும் தடதட, போனில் பேசினாலும் தடதட. அப்படிப்பட்டவளைப் பிடித்து, காற்றே அசையக் கூடாத ஓர் அறைக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். எந்த மகராசன் யோசனையோ!

அறை நடுவில் ஆள் உயரப் பொம்மை ஒன்று நிற்கும். முகத்தைத் தூக்கிக்கொண்டு விறைப்பாக நிற்பதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். அதன் சட்டைக் காலரில், தொழிலாளர்கள் மாட்டிக்கொள்ளும், தூசியை அளக்கும் சின்னக் கருவி. மேலிருந்து மாவுத் தூளைத் தூவிவிட்டு அறையை மூடிவிடுவார்கள். நாம் மூச்சு இழுப்பது போல மாப்பிள்ளையின் மூக்கு தூசியை இழுக்கும். காலரில் உள்ள கருவியும் இழுக்கும். பிறகு இரண்டிலும் சேர்ந்ததை நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் கருவியை நம்பலாம். அதுவரை இந்தக் கருவிகளை வீசும் காற்றில்தான் சோதித்திருந்தார்கள். அடைத்துக் கிடக்கும் பட்டறைகளில் அவை எப்படி என்று யாரும் பார்த்ததில்லை.

அந்த முறை வந்த கருவியைக் கண்டதும் அவளுக்குத் திக்கென்றது. அவள் கணவன் மாவு மில்லில் மூட்டை தைப்பவன். ஓயாத இருமல். இதே ரகக் கருவியை அவனுக்கு மாட்டி அளந்துவிட்டுத்தான், தூசி அளவோடு இருக்கிறது என்று மில்லில் கைகழுவிவிட்டார்கள். தூசி இல்லையென்றால் இருமல் எங்கிருந்து வரும்? கல்யாணத்தோடு விட்டுவிட்டேன் என்ற சிகரெட்டைத் திருட்டுத்தனமாகப் பிடிக்கிறான் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

"எங்க, வாயை ஊது பாப்போம்."

"ஊதுனா மாவுதான் வரும்."

"நக்கல் வேறயா!"

சாப்பாட்டுத் தட்டு ணங்கென்று வைக்கப்படும். வீட்டில் கொஞ்ச நாளாக இதுதான் பேச்சு.

சோதனையோ அவளைப் படாத பாடு படுத்தியது. ஒரு தடவை இரண்டும் ஒத்துப்போகும், அடுத்த தடவை எங்கோ போகும். மேலதிகாரி அம்மா வந்து அந்த அறையின் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

"கண்ணாடி சுடுதே. லைட்டைப் போட்டுப் போட்டு எட்டிப் பாத்தியா?"

"கொஞ்சம்தான் மேடம்."

"உன் கொஞ்சம் எனக்குத் தெரியாதா? அந்தச் சூட்டுல உள்ள காத்து கிளம்பிடும். பாக்காம இரு."

பார்க்காமல் இருப்பதா! வராந்தா பெஞ்சில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரசவ வலியே தேவலை என்றிருந்தது. ஆனால் அதன் பிறகு எத்தனை முறை செய்தாலும் ஒரே விடைதான் வந்தது. மூக்குக்குள் போன தூசியில் பாதியைத்தான் கருவி பிடித்திருந்தது.

"உன் வீட்டுக்காரர் மில்லுல அளந்ததை நம்ப முடியாது. மறுபடி அளக்கச் சொல்லி நானே எழுதறேன்" என்றார் மேலதிகாரி.

சாயங்காலம் அவளை அழைத்துப்போக வந்த கணவன் வாசலில் இருமிக்கொண்டு நின்றான். அவள் நேரே போய் அவன் முன்னால் நின்றாள்.

"நீ சிகரெட் பிடிக்கல."

"அதைத்தானே நானும் சொல்லிட்டு இருக்கேன்."

"அந்தக் கருவி பாதித் தூசியை விட்டுடுது. எல்லாம் உன் மூக்குக்குத்தான் போயிருக்கு. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

அவன் பெருமூச்சு விட்டான்.

"நல்லவேளை. நீ கேட்ட கேள்வியில, தூக்கத்துல எழுந்து பிடிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.