ஊசியக்காவும் நாலாவது ஜாக்கெட்டும்

காலையில் அந்தத் தெருவில் முதலில் பால் வண்டி வரும். பிறகு பேப்பர்காரர் வருவார். அவருக்குப் பின்னால், இடுப்பில் பெல்ட்டும் பெல்ட்டில் கயிறும் கயிற்றின் மறுமுனையில் ஒரு பஸ் டயருமாக ஊசியக்கா வருவாள். முதல் நாள் தெருவே மூக்கின் மேல் விரலை வைத்தது. நாய்கள் கூட்டமாகப் பின்னால் ஓடின. ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, "வண்டி எங்கம்மா நின்னு போச்சு? நான் வேணா வந்து தள்ளிவிடட்டுமா?" என்று நிஜமாகவே கேட்டார். போகப் போக எல்லோருக்கும் பழகிவிட்டது. அவள் தலை தெரிந்தால்தான் பேட்டரிக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவார்.

"என்னக்கா, டயரு கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு. சாப்பாடு போடறதில்லையா?" என்பார்.

"நீங்க வந்து மேல உக்காருங்க. வெயிட்டு பத்தலை" என்பாள் அவள், நிற்காமலே.

ஒரு நாள் அவர் உட்கார்ந்தே விட்டார். தெருக்கோடி வரை இழுத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டாள். மூச்சு வாங்கியது அவருக்குத்தான். அதன் பிறகு கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

இந்த டயர் இழுப்பு எதற்கென்றால், பூமியின் ஒரு கோடியில், பனியைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், ஒரு மலை இருக்கிறது. அதன் அடிவாரத்துக்குப் போகவே சாமான்களை எல்லாம் சறுக்கு வண்டியில் கட்டி, நாள்கணக்கில் பனியின் மேல் மனிதர்களே இழுத்துக்கொண்டு போக வேண்டும். மலை ஏறுவது அதற்குப் பிறகுதான். மலையேறும் சங்கத்திலிருந்து நாலு பேர் கிளம்புகிறார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். கூட ஒரு விளையாட்டு வாத்தியாரும் ஒரு எலக்ட்ரீஷியனும். நாலாவது ஆள் ஊசியக்கா. கடைசிச் சோதனையில் தேறினால் நாலாவது ஆள், இல்லாவிட்டால் வழக்கம்போல வழியனுப்ப வருகிற ஆள்.

'வழக்கம்போல' என்பதைச் சும்மா சொல்லவில்லை. அவள் பிழைப்பு தார்ப்பாய் தைப்பது. லாரிக்குத் தார்ப்பாய், கடைக்கு நிழல்துணி, கூடாரம், பை, எதுவானாலும் தைப்பாள். பட்டறையில் அவள் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு அவள் பட்டப்பெயரை விளக்க வேண்டியதில்லை. இரண்டு கையாலும் துணியை இழுத்துப் பிடித்திருப்பாள், வேண்டிய ஊசியும் கொக்கியும் உதட்டிடுக்கில் இருக்கும். பேசுவதும் அப்படியே. "வாயில ஊசி இருக்கறவரைக்கும் இவ கோவமா இருக்காளா இல்லையான்னே கண்டுபிடிக்க முடியாது. ஊசிய எடுத்தாதான் தெரியும். அதுக்குள்ள நான் டிப்போவுக்கு ஓடிடுவேன்" என்பார் அவள் கணவர். அவர் பஸ் டிரைவர். டயர் எங்கிருந்து வந்தது என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் சங்கத்துக்காரர்கள் கிழிந்த பை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். இப்படிக் கிழிகிற அளவுக்கு அதை எங்கேதான் உரசுகிறார்கள் என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவே போனாள். பாறையைத் தொட்டுப் பார்த்தாள், தையலைத் தடவிப் பார்க்கிற மாதிரி. அன்று மத்தியானத்துக்குள் உச்சியில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என்ன, பைத்தியம் பிடித்தது பிடித்ததுதான். பக்கத்து மலை, தூரத்து மலை, பனி மலை என்று ஒவ்வொன்றாக ஏறினாள். ஆனால் பெரிய பயணம் என்று வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். ஒரு முறை மகள் கைக்குழந்தை. ஒரு முறை கணவருக்கு முதுகில் ஆபரேஷன். ஒவ்வொரு தடவையும் கூடாரமும் பையும் தைத்துக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று கையசைப்பாள். போனவர்கள் திரும்பி வந்து கதை சொல்வார்கள். அவள் தைத்த பைகள் அவளைவிட அதிகமாக ஊர் சுற்றின. அதை நினைத்தால் அவளுக்கு ஆத்திரமாக வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

அதனால்தான் இந்தத் தடவை டாக்டர் வந்து, "நாலாவது ஆளா உங்களைத்தான் போட்டிருக்கேன்" என்றபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டாள்.

பனியில் கையுறையைக் கழற்றக் கூடாது என்பதால் வீட்டிலும் கழற்றவில்லை. தடித்த கையுறையோடு வெங்காயம் உரித்தாள், பட்டன் போட்டாள், பூட்டைத் திறந்தாள். போனை எடுக்க முடியாமல் மூக்கால் தேய்த்தாள். மகள் நர்ஸ் படிப்புப் படிக்கிறவள். வீட்டுக்கு யார் வந்தாலும், "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்காங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். பனிப் பயணத்தில் உடம்பு கரையும், முன்கூட்டியே எடையைக் கூட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரொட்டியில் வெண்ணெயைச் சுவருக்குச் சிமெண்ட் பூசுவதுபோல் பூசித் தின்றாள். "டாக்டரே சாப்பிடச் சொன்ன ஒரே ஆளு இந்த ஊர்ல நீதான்" என்று கணவர் பொருமினார். அவருக்குச் சர்க்கரை.

ஆனால் இரவில் விளக்கை அணைத்ததும், "ஏங்க, தேறிடுவேனா?" என்று கேட்பாள்.

"டயரையே தேய்ச்சுக் கரைச்சுட்ட. உன்னை எவன் வேண்டாம்பான்?"

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அஞ்சாவது ஆளாக நீச்சல் மாஸ்டர் ஒருவன் தயாராகக் காத்திருந்தான். இருபத்தேழு வயது. தோள் இரண்டும் கதவு மாதிரி. வெறுத்துத் தொலைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை, அவ்வளவு நல்ல பையன். "அக்கா, நீங்க போனாதான் எனக்குச் சந்தோஷம்" என்று சொல்வான், மனதாரத்தான் சொல்வான்.

கடைசிச் சோதனை ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர்கிடங்கில் வைத்திருந்தார்கள். உள்ளே குளிர் பூஜ்யத்துக்கு வெகு கீழே. கூரை வரை ஐஸ்கிரீம் பெட்டிகள். காற்றுக்கு இரண்டு பெரிய விசிறிகள். இரண்டிரண்டு பேராகப் போய், அந்தக் காற்றில் ஆளுக்கொரு கூடாரம் அடித்துக் காட்ட வேண்டும். பயணத்துக்கென்று தைத்த நாலு சிவப்பு ஜாக்கெட்டில் ஒன்றை ஊசியக்கா போட்டிருந்தாள். நீச்சல் மாஸ்டருக்குக் கிடங்குக்காரர்களின் நீலக் கோட்டு. கணவரும் மகளும் கதவின் சின்னக் கண்ணாடி வழியே மாறி மாறி எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே போகுமுன் டாக்டர் சொன்னார். "கையுறையைக் கழட்டக் கூடாது, முகமூடியை இறக்கக் கூடாது. எது தப்பாப் போனாலும் உடனே கையைத் தூக்கணும். மறைச்சீங்கன்னா உங்களுக்கு மட்டுமில்லை, கூட வர்றவங்களுக்கும் சேர்த்து வேட்டு வைக்கறீங்க." அவர் இடது காலில் இரண்டு விரல் இல்லை. ஒரு மலையில் விரல் மரத்துப்போனதை யாரிடமும் சொல்லாமல் நடந்ததில் போனவை. அது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஊசியக்காவும் நீச்சல் மாஸ்டரும் ஒரு ஜோடி. மேற்பார்வைக்கு டாக்டரும் உள்ளே வந்து நின்றார். கதவு மூடியது. குளிர் பளாரென்று அறைந்தது. இமை முடிகள் ஒட்டிக்கொண்டன. அவளுக்கோ உற்சாகம் தாங்கவில்லை. இதற்குத்தானே இத்தனை வருஷம்! துணி அவள் தைத்தது. எந்த மூலை எப்படித் திமிறும் என்று அவளுக்குத்தான் தெரியும். மூன்று மூலைகளைக் கட்டி முடித்தபோது மாஸ்டர் தன் கூடாரத்தின் முதல் மூலையில்தான் நின்றான். நாலாவது மூலையைக் காற்று பிடுங்கியது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். கொக்கியை வைத்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை.

முகமூடியை எப்போது இறக்கினாள், கொக்கியை எப்போது உதட்டில் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை போன வழியில் போய்விட்டது. அடுத்த கணம் நெருப்பை வைத்தது போல் சுரீர் என்றது. எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இரும்புக் கொக்கி ஈர உதட்டோடு உறைந்து ஒட்டியிருந்தது.

பட்டென்று இழுத்தால் வந்துவிடும், தோலோடு. முகமூடியை ஏற்றிக்கொண்டால் ரத்தம் வெளியே தெரியாது. ஒரு மூலைதான் பாக்கி, முடித்துவிடலாம், மலைக்குப் போய்விடலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவர் ஒன்றும் தெரியாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கினால் எல்லாம் முடிந்தது.

இழுக்கத்தான் போனாள். அப்போது டாக்டர் ஓர் அடி எடுத்து வைத்தார், விரல் இல்லாத காலைக் கொஞ்சம் சாய்த்து. அவள் துணியை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள். கண்ணில் நீர் வந்து கன்னத்திலேயே உறைந்தது.

டாக்டர் ஓடி வந்து பார்த்தார். வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறவர்களிடம் கேள்வி கேட்டே பழகிய மனிதர். "வலிக்குதா?" என்றார்.

"ம்ம்ங்" என்றாள்.

பிளாஸ்கில் இருந்த வெதுவெதுப்பான டீயைக் கொக்கியின் மேல் மெல்ல மெல்ல ஊற்றினார். கொக்கி கழன்று விழுந்தது. இதற்குள் நீச்சல் மாஸ்டர் தன் நாலாவது மூலையையும் கட்டி முடித்திருந்தான். அவன் கூடாரம் அசையாமல் நின்றது. அவள் திரும்பி, காற்றில் படபடத்துக்கொண்டிருந்த தன் நாலாவது மூலையைப் பார்த்தாள்.

"நாளைக்கு உங்க பட்டறைப் பக்கம் வர்றேன்" என்றார் டாக்டர். அவ்வளவுதான். மற்றவர்கள் ஜாக்கெட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தார்கள். அவளுக்கு அதுகூடத் தோன்றவில்லை. வெயிலில், அந்தப் பெரிய சிவப்பு ஜாக்கெட்டோடு, கணவரின் ஸ்கூட்டரில் உட்கார்ந்து வீடு வரை வியர்த்து வடிந்தாள். சிக்னலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மகள் உதட்டுக்கு மருந்து போட்டுவிட்டு, "இதைத் தொடாம இரும்மா" என்றாள்.

மறுநாள் காலை தெருவில் டயர் வரவில்லை. பேட்டரிக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்க மறந்து வெளியிலேயே நின்றிருந்தார்.

டாக்டர் வந்தபோது அவள் ஏதோ நிழல்துணியை மிஷினில் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு பையைத் தையல் மேஜைமேல் கவிழ்த்தார். சிவப்பு ஜாக்கெட்டுகள், மூன்று. கூடவே கூடாரம்.

"ஜிப்புல தொங்குற இரும்பு, கூடாரத்துக் கொக்கி, எல்லாத்தையும் எடுத்துடுங்க. கையுறையோட பிடிக்கற மாதிரி பெரிய கயிறு வளையமா வெச்சுத் தைக்கணும். நேத்துதான் எனக்கே புத்தி வந்துச்சு" என்றார்.

சரிதான், மறுபடியும் தைக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டாள். அழக் கூடாது என்று இருந்தாள். உள்ளே போய்த் தன் ஜாக்கெட்டை எடுத்துவந்து அந்த மூன்றின் மேல் மடித்து வைத்தாள்.

"இந்தாங்க டாக்டர். மாஸ்டருக்குத் தோள்ல பிடிக்கும். பக்கத்துல பிரிச்சு, துணி குடுத்துத் தைச்சுத் தர்றேன். அவரை அளவு குடுக்க ஒரு நடை வரச் சொல்லுங்க."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்குப் பிரிக்கணும்? உங்களுக்குத் தோள் சரியாத்தானே இருக்கு?"

அவளுக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"நேத்து ஒட்டிக்கிச்சே, டாக்டர். முகமூடியை வேற இறக்கிட்டேன்."

"இறக்கினீங்க. தப்புத்தான். அந்தப் பழக்கத்தை விடறதுக்கு இன்னும் நாள் இருக்கு." அவர் குனிந்து தன் இடது செருப்பைப் பார்த்தார். "ஆனா கையைத் தூக்கினீங்க. அந்த இடத்துல நான் தூக்கலை. கட்டி முடிக்கற ஆளு எனக்கு நிறையக் கிடைப்பாங்க. மாஸ்டர்கிட்ட நேத்தே பேசிட்டேன். நீங்கதான் வரணும்னு அவனே சொன்னான்."

புண்பட்ட உதடு காந்தியது, பரவாயில்லை, சிரிப்பை அடக்க முடியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலுக்கு ஓடி, "ஏங்க!" என்று டிப்போ இருக்கும் திசையைப் பார்த்துக் கத்தினாள். டிப்போ மூன்று தெரு தள்ளி. பேட்டரிக் கடைக்காரர்தான் ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும், "அப்போ டயரு எங்கக்கா? எடுங்க, நான் உக்கார்றேன்!" என்று குதித்தார்.

"சாயங்காலம் உக்காருங்க. இப்ப வேலை இருக்கு."

டாக்டர் போன பிறகு மிஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் ஒரு ஊசி உதட்டுக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தி, மேஜைமேல் இருந்த துணித் திண்டில் குத்தி வைத்தாள். பிறகு ஜாக்கெட்டுகளைப் பார்த்தாள். டாக்டருடையது, வாத்தியாருடையது, எலக்ட்ரீஷியனுடையது. மூன்றையும் ஓரமாக நகர்த்தினாள். இத்தனை வருஷமாக ஊரார் பைகளையே முதலில் தைத்துக் கொடுத்தவள், அன்றைக்குத் தன்னுடையதை முதலில் எடுத்தாள்.