கரும்பு மிஷினில் பிழிந்த துணி

துடியலூர் வாட்டர் சர்வீஸில் கார் துடைக்கும் ராமாமணிக்குத் துணி பிழிந்து பிழிந்தே மணிக்கட்டு வீங்கிவிட்டது. சரியாகப் பிழியாத துணி கண்ணாடியில் திட்டுத்திட்டாகத் தடம் விட்டது.

"நாளைலிருந்து கூட்டற வேலையப் பாருங்கக்கா" என்றார் முதலாளி பாலகோபால்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கணவர் ஓட்டாமல் போட்டிருந்த கரும்புச்சாறு மிஷினின் உருளைகளுக்கு சைக்கிள் டியூபைச் சுற்றி, கைப்பிடியோடு கொண்டுவந்து தொட்டியருகே பூட்டினாள்.

"ஏனுங்கக்கா, எனக்கொரு டம்ளர் சாறு. ஐஸ் வேண்டாமுங்க!" என்றான் கூட வேலை செய்யும் பையன் ஒருவன். மற்ற வேலைக்காரர்களும் சிரித்தார்கள்.

கைப்பிடியைச் சுற்றினாள். துணி அப்பளமாக வெளியே வந்தது. அதைக்கொண்டு துடைத்த கருப்புக் காரில் பாலகோபால் குனிந்து தேடியும் ஒரு தடம் இல்லை.

"கூட்டறதுக்கு வேற ஆளப் பாத்துக்கறனுங்கக்கா."

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், சிரித்தவர்களெல்லாம் ஈரத்துணியோடு அவள்முன் நின்றார்கள்.

"சாறு வேணுங்கறவிய வரிசையா வாங்க கண்ணு!" என்றாள் ராமாமணி.