கருவேலச் சக்கரங்கள்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் சேலத்துக்கு வெளியே ஒரு நூற்பாலையில் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். கிட்டங்கியிலிருந்து பஞ்சுப் பொதிகளை உள்ளே கொண்டுபோகும் தள்ளுவண்டிகள் என் பொறுப்பு. ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால், பாரம் முழுக்க இறங்கும் இடத்தில், இரண்டு சின்னச் சக்கரங்கள். அவைதாம் முதலில் தேயும். ரப்பர் கிடைக்காத சமயம். நான் பட்டறையில் சொல்லி வார்ப்பிரும்புச் சக்கரங்கள் செய்து மாட்டினேன். அவை கல் பாவிய தரையைப் பெயர்த்தன. வண்டி தள்ளிய பெண்களுக்குத் தோள்பட்டை வீங்கியது.

அப்போதுதான் குமாரபாளையத்திலிருந்து இன்னொரு பிட்டர் வந்து சேர்ந்தான். என்னைவிட நாலு வயது இளையவன். வந்த வாரமே பழைய சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த விளிம்பையும் அச்சின் கனத்தையும் நூல் வைத்து அளந்தான். காய்ந்த கருவேலக் கட்டையில் சக்கரம் கடைந்து, நடுவில் பித்தளைக் குழல் இறக்கி, விளிம்பில் பழைய தோல் பெல்ட்டைச் சுற்றி ஆணியடித்தான். வண்டி சத்தமில்லாமல் ஓடியது.

"ஒரு கையில தள்ளுனாலே போகுதுங்க" என்றாள் பொதி வண்டிக்காரி. அவள் என்னிடம்தான் சொன்னாள். ஏழு வருஷத்தில் என் வேலையைப் பற்றி ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜர் அவன் தோளில் தட்டியதை நூறு தடவையாவது நினைத்துப் பார்த்திருப்பேன்.

மனைவிக்குப் பிரசவம் என்று அவன் ஒரு வாரம் லீவு எடுத்தான்.

"அண்ணா, தெனம் அச்சுல சிக்குன பஞ்ச எடுத்துப்போட்டு ரெண்டு சொட்டு விளக்கெண்ணெ உட்டுருங்க. மறந்தா கட்டை இறுகிக்கும்."

"போயிட்டு வா, பாத்துக்கறேன்" என்றேன்.

பார்க்கவில்லை. மறக்கவும் இல்லை. வண்டி முனகத் தொடங்கியதும் என் மனம் குளிர்ந்தது. ஐந்தாம் நாள் ஒரு சக்கரம் அப்படியே நின்றுவிட, வண்டி சாய்ந்து, பொதி அந்த வண்டிக்காரியின் காலில் விழுந்தது. இரண்டு விரல்கள் நசுங்கின. மேனேஜர் மரச் சக்கரங்களைத் தூக்கி எறியச் சொன்னார். என் இரும்புச் சக்கரங்கள் திரும்ப ஏறின.

அவன் வந்து, கழற்றிப்போட்ட சக்கரத்தை மடியில் வைத்துக் கத்தியால் குழலைச் சுரண்டினான். கருகிய பஞ்சு திரியாக வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மேனேஜரிடம் போய், "எண்ணெய்க்குச் சரியா ஏற்பாடு பண்ணாமப் போனது என் தப்புங்க" என்றான். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன். நானாக இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்தாள். வேண்டுமென்றேதான் எண்ணெய் விடவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியுமுங்க" என்றாள். "அந்த வாரம் நீங்க எண்ணெ டப்பாவத் தொடவே இல்லீங்களே."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க வேலை போயிருமுங்க. உங்க ஊட்டுலயும் கொழந்தைங்க இருக்குதில்லீங்களா? ஆனா இந்த இரும்ப என்னால தள்ள முடியலீங்க."

நேரே மேனேஜரிடம் போய் ஒப்புக்கொண்டேன். என்னைப் பிட்டர் வேலையிலிருந்து இறக்கி, அந்த இளையவனுக்குக் கீழே உதவியாளாக வைத்தார். மேனேஜர் சம்மதித்ததும், பட்டறை மூலையில் கிடந்த மரச் சக்கரங்களை நானே மாட்டினேன். தினமும் குனிந்து பஞ்சு எடுத்து எண்ணெய் விட்டேன். வண்டிகள் நன்றாக ஓடின. அவன் எப்போதும்போல அண்ணா என்றே கூப்பிட்டான். அந்த மில்லை விட்டு வரும்வரை, யாராவது அவனைப் பாராட்டினால் எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.